தாண்டிப் போகும் பக்கங்கள்

(புதிதாகப் பணியேற்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்காகத் திருத்தணியில் நடைபெற்ற பயிற்சியில் ஆற்றிய உரை)

திருத்தணியில் ஆசிரியர்கள் கூடினால் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த மண் என்று தொடங்குவது வழக்கம். அதைச் செப்டம்பர் 5-க்கு வைத்துக்கொள்வோம். உயிரியல் கற்பித்தல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரே ஓர் அலகைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பத்தாம் வகுப்பில் 17-ஆவது அலகு, தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்.

பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போனீர்களே, என்ன பாடம் எடுத்தீர்கள்? பாதிப் பேர் சிரிக்கிறீர்கள். செம்பருத்திப் பூ. நானும் அதேதான். பூவைப் பறித்துக்கொண்டு போய்ப் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று பிரித்துக் காட்டினேன். நல்ல மதிப்பெண் வந்தது. மகரந்தச் சேர்க்கை, கருவுறுதல் எல்லாம் மளமளவென்று நடத்துவோம். பக்கத்தைத் திருப்பினால் மனிதன் வருகிறான். அங்கே வந்ததும் நம் குரல் இறங்கிவிடும். "இதை வீட்டில் படிச்சுக்கோங்க. படத்தை மட்டும் வரைஞ்சு பாகம் குறிச்சுப் பழகுங்க." அவ்வளவுதான், அடுத்த அலகு.

நான் விலங்கியல் படித்தவன். அண்டகத்தின் வெட்டுத் தோற்றத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவியிடம் கேள்வி கேட்டேன். எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். "வாத்தியார் கேட்டா எழுந்து நிக்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். எழுந்தாள். பாவாடையின் பின்புறம் கறை. பின் வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். நான் அந்தப் பையன்களையும் அதட்டவில்லை. திரும்பிக் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகும் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு நான் அந்தப் பாடத்தை நடத்தவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு உயிரியல் தெரியாமல் இல்லை. அதை ஒரு வகுப்பின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. நுண்நிலைக் கற்பித்தலில் பாடத்தைத் தொடங்கும் திறன், வினா கேட்கும் திறன், கரும்பலகைத் திறன் என்று ஒவ்வொன்றாகப் பழகினோம். கூச்சத்தைத் தாண்டும் திறன் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது பி.எட். இரண்டாண்டு ஆகிவிட்டது, பள்ளியில் இருக்கும் வாரங்களும் கூடியிருக்கின்றன. ஆனால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செம்பருத்திதான் இன்னும் ஜெயிக்கிறது.

பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பாடம் தொடங்கும் முன் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், இந்த வாரம் இந்தப் பாடம் நடத்தப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். முதல் முறை ஒரு தாய் கேட்டார், "ஆம்பள சார் இதெல்லாம் சொல்லலாமா?" அன்று ஓர் ஆசிரியையை வகுப்பில் உட்காரச் சொல்லி நடத்தினேன். அதன்பிறகு யாரும் கேட்டதில்லை. மாணவர்களையும் மாணவிகளையும் பிரித்து உட்கார வைத்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சிரித்த அந்த இரண்டு பையன்களுக்குத்தான் இந்தப் பாடம் முதலில் தேவை.

நம் பகுதிக்கு இன்னொன்று உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் பல வீடுகளில் தெலுங்கு. 'பருவமடைதல்' என்று புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் வீட்டில் 'வயசுக்கு வந்தாச்சு' என்பார்கள், தெலுங்கு வீட்டில் 'பெத்த மனிஷி' என்பார்கள். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் தொடங்குவது. தன் வீட்டுச் சொல்லைப் பலகையில் பார்த்ததும் பிள்ளையின் முகம் தெளிந்துவிடும்.

கேள்விகளுக்கு ஓர் அட்டைப்பெட்டி. எல்லோருக்கும் ஒரே அளவு தாள். பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்களும் வெற்றுத்தாளை மடித்துப் போட வேண்டும். இல்லையென்றால் யார் எழுதினார்கள் என்று பக்கத்து பெஞ்ச் கண்டுபிடித்துவிடும். இரவு படித்துவிட்டு மறுநாள் பதில் சொல்வேன். ஒரு நாள் கிடைப்பது பிள்ளைகளைவிட நமக்கு நல்லது.

வந்த தாள்களில் சிலவற்றைச் சொல்கிறேன். "எனக்கு 28 நாளில் வரவில்லை, நோயா?" புத்தகத்தின் 28 ஒரு சராசரி. தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். இதை நாம் சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் பயந்திருக்கும்! "அது கெட்ட ரத்தமா?" கருவைத் தாங்கத் தடித்திருந்த கருப்பையின் உட்சுவர், கரு உருவாகாதபோது சிதைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அதில் கெட்டது எதுவும் இல்லை. உடனே அடுத்த தாள், "அப்படின்னா மலைக்குப் போகலாமா?" கோயில் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கெட்ட ரத்தம் இல்லை என்பதுவரை என் வேலை, மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். இதில் உங்கள் கருத்து வேறாக இருக்கலாம்.

பையன்கள் எழுதுவது பெரும்பாலும் ஒன்றுதான், தூக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றி. லாட்ஜில் அறை எடுத்து மருந்து விற்கும் வைத்தியர்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். அது நோயல்ல, வளர்ச்சியின் பகுதி என்று நாம் ஒரு வரி சொன்னால் போதும்.

ஒருமுறை வந்த தாள் இது: "எங்க அம்மா அப்பாவுக்கு அக்கா பொண்ணு. எனக்கு ஏதாவது வருமா?" 18-ஆவது அலகில் மரபியல் நடத்தும்போது, உறவுத் திருமணம் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவன் நான். அதைக் கேட்டுக்கொண்டு அப்படிப் பிறந்த பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இருவருக்கும் ஒரே குறைபாட்டு மரபணு இருக்கும் வாய்ப்பு உறவில் சற்றுக் கூடுகிறது, ஆனால் அப்படிப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள் என்று மறுநாள் சொன்னேன். யாரையும் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் கேள்விக்குப் பதிலாக ஒரு புகார் வரலாம். பாடம் முடிந்து ஒரு பிள்ளை தனியாக வந்து நிற்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்ததைத் தெரிவிப்பது நம் கடமை. மறைத்தால் அது குற்றம். நீங்களே விசாரணை நடத்த வேண்டாம். 1098 எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு இருவர் இருவராக உட்காருங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் ஆசிரியர், மற்றவர் எட்டாம் வகுப்புப் பிள்ளை. மாதவிடாய், விந்தகம், கருப்பை என்று புத்தகத்தில் இருக்கும் சொற்களை, செம்பருத்தியின் பாகங்களைச் சொல்வதுபோல அதே குரலில் சொல்லிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு வரும். சிரித்துவிடுங்கள், வகுப்பில் வர வேண்டியது இங்கேயே வந்துவிடட்டும். அட்டைப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் தாள் உண்டு, பெயர் எழுத வேண்டாம்.