கொள்ளும் படியும் கொடுக்கும் படியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வணிகர் குலத்தார்முன் நிறைகோலைப்பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் பொறுத்தருள்க.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நெஞ்சைப் புகழ்கின்றது. நுகத்தடியின் நடுவே தைத்த பகலாணிபோல் நடுவுநிலை பிறழாதவர். கொள்ளும்போது மிகையாகக் கொள்ளார். கொடுக்கும்போது குறைத்துக் கொடார். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதிப்பவர் என்கின்றார் புலவர். திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தை வாணிகரின் இவ்வறத்தைக் கூறியே முடிக்கின்றார்.

நம்மவருள் பலர் கடையில் இந்நெறி வழுவாதவர், நான் அறிவேன். கடையைப் பூட்டியபின் அந்நிறைகோல் எங்கே போகின்றது? மகளுக்கு வரன் தேடுங்கால், வரதட்சிணை கொடுமை என்று கண்ணீர் விடுகின்றோம். ஈராண்டு கழித்து மகனுக்குப் பெண் பார்க்கும்போதோ, பவுன் எத்தனை என வினவுகின்றோம். "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே!" என்று நயமாகவும் மொழிகின்றோம். கடையில் இவ்வாறு இருவகைப் படி வைத்திருப்பவனை நாம் என்னவென்று அழைப்போம்?

1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் பிறந்தது. கொள்ளுதலும் கொடுத்தலும் குற்றம் என்றது. நாமோ எழுத்தை விட்டு, வாய்ச்சொல்லால் பேரத்தை முடிக்கக் கற்றோம்.

பிறரை மட்டும் பழிக்கின்றேன் அல்லேன். என் தம்பியின் திருமணப் பேச்சில் மூத்தவனாய் வீற்றிருந்த நான், பகலாணியாய் நில்லாது வாய்மூடி இருந்தேன். பெண்ணைப் பெற்றவர் தம் கறவை மாடுகளை விற்றே பவுன் வாங்கினார் என்பதைப் பின்னரே அறிந்தேன். இன்றும் அவர் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணங்குகின்றார். எனக்கோ அவர் முகத்தை நோக்க இயலவில்லை.

நம் சங்கத்து வரன் பதிவேட்டில் இவ்வாண்டு முதல் 'எதுவும் கேளோம்' என்றொரு பத்தி சேர்த்து, பிள்ளை வீட்டார் கையொப்பமிடச் செய்யுமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றேன். என் மகனுக்கு இன்னும் காலம் உண்டு. எனினும் முதற் கையொப்பத்தை இன்றே இட்டுச் செல்ல அனுமதி தருக.