அரசு தரும் இன்னொரு முகவரி

அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி ஒரு பெண் வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். வாடகைக்கு வீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முகவரி கேட்கிறார்கள். வாக்காளர் பட்டியலுக்கும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளர் விவரத்தைப் பிறரும் பார்க்கலாம். தேடி அலைகிறவனுக்கு அது போதாதா?

இதற்காகவே வாஷிங்டன் மாநிலம் 1991-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தலைநகர் வாஷிங்டன் இல்லை. மேற்குக் கடற்கரையில் இருக்கிறதே, அந்த மாநிலம். பாதிக்கப்பட்ட பெண் பதிவு செய்துகொண்டால், அரசே ஒரு தபால் பெட்டி எண்ணை மாற்று முகவரியாகத் தந்துவிடும். மாநில அரசு அலுவலகங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே வரும் கடிதங்களை மாநிலச் செயலாளர் அலுவலகம் அவளுடைய நிஜ வீட்டுக்கு அனுப்பி வைக்கும். கடிதம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வரட்டுமே!

முதலில் குடும்ப வன்முறைக்கு மட்டும் இருந்த ஏற்பாட்டில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பின்னால் சேர்த்தார்கள். கலிஃபோர்னியா உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் இன்று இப்படியொரு திட்டம் உண்டு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பொதுவாக இது அரசு அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும். கடையில் தள்ளுபடி அட்டைக்காக நிஜ முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டால், அதை மறைக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை.