காட்டில் சருகு கிடக்கட்டும்



வேலந்தாவளம் கேரள எல்லையில் உள்ள ஊர். சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. பரம்பிக்குளம் காடும் அதே தாலுகாவில்தான் இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் சித்தூர்ப் பகுதி வயல்களுக்கு வருகிறது. அதனால் அந்தக் காட்டின் நலம் ஊரின் நலமும் ஆகும்.

அந்தக் காட்டில் மனிதர் நட்ட தேக்குத் தோட்டங்களும் உண்டு. மரம் மட்டும் நின்றால் போதுமா? போதாது. மரத்தடியிலும் உயிர்கள் வாழவேண்டும்.

பிரம்பு ஆமையின் கதையைக் கேளுங்கள். அது உள்ளங்கை அளவே உள்ள ஆமை. 1911-இல் கொச்சி சமஸ்தானக் காட்டில் அது கிடைத்தது. பிறகு 70 ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அழிந்துவிட்டதோ என்று பலர் நினைத்தார்கள்.

1982-இல் விஜயா என்ற இளம்பெண் அதைத் தேடிப் போனார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் அவர். சாலக்குடிப் பக்கத்துக் காட்டில் தங்கினார். காட்டை அறிந்த காடர் மக்கள் உதவினார்கள். ஆமை கிடைத்தது! 2006-இல் அந்த ஆமையின் பேரினத்திற்கு விஜயாவின் பெயரையே வைத்தார்கள்.

இத்தனை காலம் அது எங்கே இருந்தது? காட்டுத் தரையில், சருகுக்கு அடியில் இருந்தது.

தவளைக்கும் ஈரம் வேண்டும். அது தோலாலும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் செத்துப்போகும். அரணையும் பாம்பும் விழுந்த மரத்தடியில் ஒளிகின்றன. தவளை பூச்சியைத் தின்னும். பாம்பு எலியைப் பிடிக்கும்.

தேக்கு கோடையில் இலை உதிர்க்கும். நிழல் போய்விடும். அப்போது சருகில் தீ விழுந்தால் என்ன ஆகும்? மான் ஓடித் தப்பும். ஆமையால் ஓட முடியுமா?

தீ பரவாமல் இருக்க வனத்துறையினர் சில இடங்களில் மட்டும் கோடு போலச் சருகை அகற்றுவார்கள். அது பாதுகாப்பு. ஆனால் கண்ட இடத்தில் தீ வைப்பது அழிவு.

எனவே நட்டு வளர்த்த காட்டிலும் சில காரியங்கள் செய்யவேண்டும். ஓடையின் இரு கரையிலும் இயற்கையான மரம் செடிகளை விட்டுவைக்க வேண்டும். விழுந்த மரங்களையெல்லாம் விறகாக்கக் கூடாது. சில அங்கேயே மக்கட்டும். அணைக்காத பீடியைக் காட்டில் எறியாதீர்கள். மழை இரவில் காட்டுச் சாலையில் வண்டியை மெல்ல ஓட்டுங்கள். தவளைகள் சாலையைக் கடக்கும்.

சருகு குப்பை அல்ல. மழை அதில் ஊறி, மண்ணில் இறங்கி, ஓடைக்குப் போகிறது. ஆமைக்கு அது வீடு. வயலுக்கு அது தண்ணீர்.