வெற்றிச் செய்தியில் விடுபட்டவர்கள்



வெற்றியின் மொழியைப் பற்றிக் கூடிப் பேச அருப்புக்கோட்டை மிகவும் தகுந்த ஊர். 1977 ஜூன் தேர்தலில் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் வென்றுதான் முதல்முறையாக முதலமைச்சரானார். அடுத்த பொங்கலுக்கு ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வெளிவந்தது. திரையில் நாட்டை மீட்கும் பாண்டியனும் கோட்டையில் கையெழுத்திடும் முதலமைச்சரும் ஒருவரே. ‘வாகை சூடினார்’, ‘கோட்டையைப் பிடித்தார்’ என்ற தொடர்கள் தேர்தல் செய்திக்கும் பொருந்தின, சினிமா விளம்பரத்துக்கும் பொருந்தின. இரண்டுக்கும் நடுவே இருந்த வரப்பு அன்றே கரைந்துவிட்டது என்பது என் கருத்து.

அதற்குப் பத்தாண்டு முன்பு, பக்கத்து விருதுநகரில் வேறொரு முடிவு வந்தது. 1967இல் காமராசர் தம் சொந்த ஊரில், இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர், பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர் தோற்றதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். வென்றவரின் பெயரைக் கேட்டால் பலர் யோசிக்கிறார்கள். அவரும் முறையாக வென்றவர்தான். அவரை மறந்ததும் நியாயமில்லை. ‘வீழ்த்தினார்’, ‘வீழ்ந்தார்’ என்று முடித்துக்கொள்ளும் எழுத்துக்குள் இந்த இரண்டு மனிதர்களில் ஒருவர்கூட அடங்கவில்லை.

நம் பழம்பாட்டுக்கு இந்தக் குறை இல்லை. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அந்தப் போரில் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்த சேரன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்று அவனையே கேட்டுவிடுகிறார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வென்ற வேந்தனிடம் அப்படிக் கேட்க ஒரு பெண்ணுக்குத் துணிவு இருந்தது. அந்தப் பாட்டை அழியவிடாமல் தொகுத்து வைக்கத் தமிழ்ச் சமூகத்துக்கு மனம் இருந்தது. தொல்காப்பியமும் வெற்றியைப் பாடும் வாகைத் திணையைப் பாலைத் திணைக்குப் புறமாக வைக்கிறது. போர்வெற்றியோடு நில்லாமல், அவரவர் செயலில் சிறப்பதையும் தவத்தையும் அதில் சேர்க்கிறது. அந்தக் கணக்கில் 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியும் வாகைக்கு உரியவர். அருப்புக்கோட்டையில் தறியே வாழ்வாக இருந்தவர்களும் உரியவர்கள்.

இன்றைய செய்திகளுக்கு வருவோம். கிரிக்கெட் செய்திகளின் ‘பந்தாடியது’, ‘பழிதீர்த்தது’ பற்றி ஆய்வாளர்களான நீங்களே கட்டுரை எழுதியிருப்பீர்கள். எனக்குக் கவலை தருவது தேர்வு முடிவு நாள். பிளஸ் டூ தேர்ச்சியில் நம் விருதுநகர் மாவட்டம் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது, 2023இல் 97.85 சதவீதம். மானாவாரி விவசாயமும் தீப்பெட்டியும் பட்டாசும் நெசவுமாகப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எடுத்த தேர்ச்சி அது. மனமார வாழ்த்துகிறேன். ஆனால் அன்று தவறிய பிள்ளையும் அதே தெருவில்தான் இருக்கிறது. ‘சாதனை’, ‘சரித்திரம்’ என்று முச்சந்தியில் நிற்கும் பிளக்ஸ் பேனரைக் கடந்துதான் அது கடைக்குப் போக வேண்டும். மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. மிக நல்ல முடிவு. அரசு விட்டதைப் பல பள்ளிகள் தங்கள் விளம்பரத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெயிலான அவமானத்தைத் தாங்கி, துணைத்தேர்வு எழுதித் தேறும் பிள்ளைக்கு யாரும் பேனர் வைப்பதில்லை. எனக்கு அந்தத் தேர்ச்சிதான் பெரிது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்புச் செய்திகளில் ‘வெற்றி’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 1967, 1977 தேர்தல் கால நாளிதழ்களைத் தேடி எடுத்து, தோற்றவர்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். பிறகு திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடிப் பக்கம் போய், அந்த நாட்களை நேரில் கண்டவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். 1967இல் வாக்களித்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.