விருந்துக்கு முன் ஒரு கேள்வி

விருந்துக்கு அழைக்கும்போதே "உங்களுக்கு எது ஆகாது?" என்று கேட்டுவிடுவதுதான் நல்ல உபசரிப்பு. ஏனென்றால் ஆகாத பொருள் பல நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோதுமை ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்குச் சோறும் சாம்பாரும் போதுமே என்று நினைப்போம். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. "சைவம்" என்று சொன்னவர் சமணராக இருந்தால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் பெரும்பாலும் கூடாது.

"இதையெல்லாம் கேட்பது மரியாதையா? கொஞ்சம் சேர்ந்தால் என்ன?" என்பார்கள் சிலர். சீலியாக் உள்ளவரின் சிறுகுடலைச் சிறிதளவு கோதுமையும் பாதிக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையானால் உயிருக்கே ஆபத்து. ஆளுக்கொரு சமையலா என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பெருங்காயம், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டுச் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்தால், அந்த ஒரே சாம்பாரைப் பெரும்பாலும் எல்லோருக்கும் பரிமாறலாம். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.