சிறு துகளும் நீண்ட பாதையும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"புற்றுநோய்க்கு நனோ மருந்து வந்துவிட்டதாமே, இனிக் கதிர்ச் சிகிச்சைக்கு அலையத் தேவையில்லைத்தானே?" என்று ஊரில் எம்மிடம் கேட்கிறார்கள். அதற்கான பதிலே இவ்வுரை.

நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து உடலெங்கும் பரவுகிறது. அதனால் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது. டொக்சோருபிசின் போன்ற மருந்து இதயத்தையும் தாக்கும். அம்மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுக்க அமெரிக்கா 1995 இல் அனுமதித்தது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறளவே அக்குமிழி.

மன்னார்ப் பெண்களுக்கு வலைக்கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நல்ல இரத்தக் குழாய் நெருக்கமாகப் பின்னிய வலை. குமிழி அதில் நழுவாது. புற்றுக்கட்டியின் குழாயோ அவசரத்தில் வளர்ந்த, பொத்தல் விழுந்த வலை. அதன் வழியே குமிழிகள் கசிந்து கட்டியில் தங்குகின்றன. இதனை ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986 இல் எடுத்துக்காட்டினர்.

கதிர், புற்றுக்கலத்தின் மரபணு இழையை அறுக்கிறது. கலம் அதை ஒட்டவைக்க முயலும்போது மருந்து தடுக்கிறது. கதிர் பட்ட கட்டியின் குழாய்கள் மேலும் தளர்ந்து, கூடுதலான துகள்களை உள்ளே விடவும் கூடும். ஆகவே நனோத்துகள் கதிருக்கு மாற்று அல்ல, துணை. எல்லாக் கட்டிகளும் ஒரேயளவில் கசிவதில்லை என்பதால், இக்கூட்டுச் சிகிச்சை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

நிரூபணமான கூட்டுச் சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிருடன் கிழமைக்கொரு முறை சாதாரண சிஸ்பிளாட்டின் கொடுத்தால் உயிர் பிழைப்போர் கூடுகின்றனர் என 1999 இல் தெளிவாயிற்று. கிழமைக்கு 5 நாட்களாக ஏறத்தாழ 5 கிழமை வெளிக்கதிர், பின்னர் உட்கதிர். எல்லாம் 8 கிழமைக்குள் முடியவேண்டும். இடையில் விட்டால் எஞ்சிய கலங்கள் மீண்டும் பெருகும்.

எமது பெண்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரத்தப்போக்கு நின்றதும், "சுகம் வந்துவிட்டது, பிள்ளைகள் தனிய" என்று பாதியில் வீடு திரும்புகிறார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது. சங்குப்பிட்டிப் பாலமும் அதே ஆண்டில் திறந்தது. ஆயினும் நாள்தோறும் மன்னாரிலிருந்து போய்வர எந்த நோயாளியால் முடியும்?

சகோதரிகளே, யாழ்ப்பாணத்தில் வாழும் எமது பழைய மாணவிகள் ஓர் அறை தரலாம். மன்னாரில் இருப்போர் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாம். 35 வயதான தங்கையைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லலாம். மருந்தைக் கட்டிவரை கொண்டுசேர்க்க அறிஞர்கள் வழி தேடட்டும். நோயாளியை மருந்துவரை கொண்டுசேர்ப்பதை இந்த நூற்றாண்டில் எமது சங்கம் பொறுப்பேற்கட்டும்.