35 வயதுக்கு மேல் நர்ஸ் ஆகக் கூடாதா?

கொல்கத்தா வாழ் தமிழ்ச் சொந்தங்களே,

மாலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கேனிங் லோக்கல் வந்து நிற்கும்போது இறங்கும் பெண்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுப் புடவை, டிபன் டப்பா. அவர்களில் பலர் ‘ஆயா சென்டர்’ மூலம் இரவுப் பணிக்கு வருகிறவர்கள். பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவையோ இடுப்பெலும்பு முறிந்த பாட்டியையோ விடிய விடியப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும் முன் தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்பதும் தெரியும். நோயாளியின் மூச்சு மாறினால் வீட்டார் விழிப்பதற்கு முன் அவர்கள் விழித்துவிடுவார்கள்.

இவ்வளவு தெரிந்தவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. படித்து நர்ஸ் ஆகலாமே என்றால், இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி குறுக்கே நிற்கிறது. ஏ.என்.எம். எனும் துணை நர்ஸ் படிப்பானாலும் ஜி.என்.எம். எனும் பொது நர்ஸ் படிப்பானாலும் சேருகிறவருக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், 35-ஐத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். படிக்க வந்தால் மட்டும் வயது பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, மாமியாரைக் கடைசிவரை கவனித்து, இனி நமக்கென்று ஏதாவது படிக்கலாம் என ஒரு பெண் நிமிரும் வயதில் கதவு சாத்தப்படுகிறது.

வயதுவந்தவர் மருத்துவம் படித்துத் தேற முடியுமா என்ற கேள்விக்கு இந்த ஊர் 130 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலின் பெயர் ஹேமாபதி சென்.

குல்னா மாவட்டத்தில், 1866-ஐ ஒட்டிப் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் பாடம் படிக்கும் இடத்தில் கூடவே உட்கார்ந்து எழுத்துக் கற்றவர். ஒன்பது வயதில், 45 வயது மனிதருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். ஹேமாபதி காசிக்குப் போனார், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார், மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையில் கல்கத்தா வந்து சேர்ந்தார். சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தார் ஆதரவில் குஞ்ச பிஹாரி சென் என்பவரை மறுமணம் செய்தார். அவரோ குடும்ப வருமானத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர். அடுப்பை எரியவைக்கும் பொறுப்பு ஹேமாபதியின் தலையில்தான்.

சியால்டாவில் இன்று நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தில் அப்போது கேம்ப்பெல் மருத்துவப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளி 1888-ல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே வங்காள மொழியிலேயே பாடம் நடந்தது; ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு இல்லாத ஒரு பெண் உள்ளே நுழைய முடிந்ததற்கு அதுவும் காரணம். இருபதுகளின் நடுவில், வீட்டைச் சமாளித்துக்கொண்டே, ஹேமாபதி அங்கே படித்தார். 1894-ல் தேறினார். வெறுமனே தேறவில்லை, தங்கப் பதக்கத்துக்கு உரிய இடத்துக்கு வந்தார். ஆண் மாணவர்கள் கொதித்தார்கள். வகுப்பைப் புறக்கணித்தார்கள், பெண்கள் வந்த வண்டிகள்மீது கல்லெறிந்தார்கள். கடைசியில் தங்கம் ஓர் ஆண் மாணவருக்குப் போனது, ஹேமாபதிக்கு வெள்ளி கிடைத்தது.

அந்த அநியாயத்தை எண்ணி இன்றும் மனம் கொதிக்கிறது. ஆனால் அவர் அதில் தேங்கி நிற்கவில்லை. சின்சுராவில் இருந்த லேடி டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, பல ஆண்டுகள் பிரசவம் பார்த்தார். ஆதரவற்ற குழந்தைகளைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். முதுமையில் வங்காளத்தில் எழுதிவைத்த அவருடைய நினைவுக் குறிப்புகள் 2000-த்தில்தான் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1886-ல் படித்து முடித்த இன்னொரு பெண் மருத்துவர் காதம்பினி கங்குலி ஓரளவு பெயர் பெற்றவர். 1893-ல் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, முப்பதைத் தாண்டிய வயதில் மேற்படிப்புக்குக் கப்பலேறியவர். ஆனால் ஹேமாபதியைப் பற்றியும் நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

“அவர்கள் டாக்டருக்குப் படித்தவர்கள், நர்ஸ் வேலைக்கு நடுவயதில் படித்தவர் யார்?” என்று சபையில் யாராவது கேட்கலாம். பதில் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான்: அன்னை தெரசா.

அவர் 1929 ஜனவரியில் கல்கத்தா வந்தவர். எண்டாலியில் புனித மரியாள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார், பிறகு தலைமை ஆசிரியையும் ஆனார். 1948 ஆகஸ்டில் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறியபோது சேரிக்கு நேராகப் போகவில்லை. முதலில் பாட்னாவுக்கு ரயிலேறினார். அங்கே மெடிக்கல் மிஷன் சகோதரிகள் நடத்திய ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் மாணவியாகச் சேர்ந்தார். 38 வயது நிறைந்ததும் அங்கேதான். ஊசி போடுவது, பிரசவத்தில் உதவுவது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது என்று வார்டில் நின்று கற்றுக்கொண்டார். நேற்றுவரை பிறருக்கு மதிப்பெண் போட்டவர், இன்று தம்மைவிட இளையவர்களிடம் “இதை எப்படிப் பிடிக்க வேண்டும்?” என்று கேட்டு நிற்பது எளிதல்ல. நடுவயதில் படிக்க வருகிற யாருக்கும் முதல் பாடமே இதுதான்.

இரண்டாவது பாடமும் பாட்னாவில் கிடைத்தது. தாம் தொடங்கவிருந்த சபையின் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் உண்டு ஏழைகளைப் போல வாழ வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். மருத்துவம் தெரிந்த மெடிக்கல் மிஷன் சகோதரிகள் ஒத்துக்கொள்ளவில்லை: நோயாளிகளின் நடுவே உழைக்கிறவருக்குச் சத்தான சாப்பாடு வேண்டும், ஓய்வும் வேண்டும், இல்லாவிட்டால் அவரே காசநோயில் விழுவார் என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். நம் வீட்டுப் பெண்கள் படிக்கத் தொடங்கியதும் முதலில் குறைப்பது தங்கள் சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான். இந்த அறிவுரை அவர்களுக்கும் சேர்த்துத்தான். சில மாதப் பயிற்சி முடிந்து, 1948 டிசம்பரில் அவர் கல்கத்தா திரும்பி மோதிஜீல் சேரியில் வேலையைத் தொடங்கினார்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் நர்சிங் படிப்பில் அஞ்சுவது ரத்தத்தைக் கண்டல்ல, கணக்கைக் கண்டு. அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். மொத்தம் 10,000 சொட்டு. நான்கு மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. ரேஷன் அரிசியை மாதம் முழுக்க ஐந்து வயிற்றுக்குப் பங்கிட்டுப் பழகியவருக்கு இது புது வித்தை அல்ல. விடுபட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான். தினமும் அரை மணி நேரம் உடன் உட்கார ஒருவர் இருந்தால் போதும்.

இந்த நகரத்துக்கு இப்படி நடுவயதில் படித்து வரும் நர்ஸ்கள் தேவை என்பதை 2020 மே மாதம் காட்டியது. கொரோனா பரவிய அந்த நாட்களில், இங்கிருந்த தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்த மணிப்பூர், திரிபுரா, ஒடிசா போன்ற மாநிலங்களின் நர்ஸ்கள் 300 பேருக்கு மேல் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. தூர ஊரில் தனியாக இருந்த இளம் பெண்கள், தாய் தந்தை கூப்பிட்டார்கள், போனார்கள். ஆனால் குடும்பமும் வீடும் இந்த மண்ணிலேயே இருக்கிற ஒரு நாற்பது வயது நர்ஸ் எங்கே போவார்?

இப்படிப்பட்டவரைத் தடுக்கும் வயது வரம்பு புதிதல்ல. அந்தக் காலத்தில் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தியபோதும் இதே வயதுச் சுவர் வந்தது. அரசு விடுதியில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடம் இல்லை என்றார்கள். விதி அப்படித்தான் என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. வயதுவந்த பெண்களுக்காகச் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

எனவே இந்தச் சபையின் முன் இரண்டு வேண்டுகோள். பராமரிப்புப் பணியில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு 35 வயது வரம்பைத் தளர்த்தும்படி நர்சிங் கவுன்சிலுக்கு ஒரு மனு எழுத வேண்டும். வங்காளத்திலும் தமிழிலும் எழுதுவோம்; இந்த ஊர்ப் பெண்களே முதல் கையெழுத்துப் போடட்டும்.

மற்றது இன்னும் பக்கத்தில் இருப்பது. 35-க்கு உள்ளே இருந்தும், பிளஸ் டூ முடிக்காததால் நிற்கிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தேர்வெழுத மேல் வயது வரம்பு கிடையாது. அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சிலும் ஏற்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் மாலை ஆறிலிருந்து எட்டு மணிவரை ஓர் அறை வேண்டும். ஆங்கிலமும் உயிரியலும் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்க வருகிற தாய்மார்களின் குழந்தைகளை அந்த இரண்டு மணி நேரம் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். மேடைக்கு வலப்பக்கம் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.